வெடியுப்பும் எலுமிச்சையும்

சிவகாசிப் பட்டாசின் திரிக்கும் மதியச் சாப்பாட்டில் நாம் பிசைந்து சாப்பிடும் கீரை மசியலுக்கும் பொதுவான சங்கதி ஒன்று உண்டு. அதுதான் நைட்ரேட். திரியில் இருப்பது வெடியுப்பு, வேதியியல் பெயரில் பொட்டாசியம் நைட்ரேட். கரிக்கும் கந்தகத்துக்கும் ஆக்சிஜனைக் கொடுத்து எரியவைப்பது அதன் வேலை. கீரையில் இருப்பது, செடி தன் வளர்ச்சிக்காக மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்து வைத்த நைட்ரேட். ஒரு கிலோ கீரையில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். நம் உடம்புக்குள் உணவு வழியாகப் போகும் நைட்ரேட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் காய்கறிகளிலிருந்தே வருகிறது.

இந்த நைட்ரேட்டைத்தான் 1960களில் விஞ்ஞானிகள் புற்றுநோய்க்கு வழிவிடும் பொருளாகப் பார்த்தார்கள். 2000க்குப் பிறகு அதையே ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பொருளாகப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் சான்று இருக்கிறது. எந்தப் பக்கம் போவது என்பது பெரும்பாலும் வயிற்றுக்குள் அது யாரைச் சந்திக்கிறது என்பதைப் பொறுத்தது. அப்படிச் சந்திப்பவர்களில் முக்கியமான ஆள் வைட்டமின் சி. வெடியுப்பும் எலுமிச்சையும் தனித்தனியாகப் பல நூற்றாண்டு ஊர் சுற்றிவிட்டு, நேற்றைக்குத்தான் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன.

முதலில் சீனா. தாங் வம்சத்துக் காலத்தில், சாகா வரம் தேடிய ரசவாதிகள் வெடியுப்பைக் கரியோடும் கந்தகத்தோடும் கலந்து பார்த்தார்கள். ஆயுளை நீட்டப் போன முயற்சி வெடிமருந்தில் முடிந்தது. 1044இல் தொகுக்கப்பட்ட ‘வூஜிங் சோங்யாவ்’ என்ற போர்க்கலை நூலில் வெடிமருந்துக் கலவைக்கான குறிப்புகளே இடம்பெற்றுவிட்டன. அதற்கும் முந்தைய ஒரு குறிப்புதான் எனக்கு அதிக வியப்பைத் தருகிறது. துன்ஹுவாங் குகைகளில் கிடைத்த பழைய மருத்துவச் சுவடி ஒன்று, நெஞ்சு வலித்துக் கைகால் சில்லிட்டுப்போகும் நோயாளிக்கு வெடியுப்பை நாக்கின் அடியில் வைத்து, ஊறும் எச்சிலை விழுங்கச் சொல்கிறது. எச்சிலை ஏன் விழுங்க வேண்டும்? அறிவியல் இதற்குப் பதில் சொல்ல ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆனது.

ஐரோப்பாவுக்கு வெடிமருந்து போனதும் வெடியுப்புக்கு அங்கே பெரும் பஞ்சம். இங்கிலாந்தில் அரசாங்க ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து, தொழுவத்தையும் புறாக்கூண்டுத் தரையையும் தோண்டி மண் எடுத்துப் போனார்கள். மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணில்தான் வெடியுப்பு விளையும். 1626இல் முதலாம் சார்ல்ஸ் மன்னர், குடிமக்கள் தங்கள் சிறுநீரைச் சேமித்து இதற்காகக் கொடுக்க வேண்டும் என்று ஆணையே போட்டார். மூத்திரத்தின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. 1877இல்தான் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள்.

பஞ்சத்தைத் தீர்த்தது பீகார். பாட்னாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியதும், மண்சுவரின் அடியிலும் தொழுவத்தைச் சுற்றியும் வெள்ளையாக உப்புப் பூக்கும். நுனியா சாதியினர் அந்த மேல்மண்ணைச் சுரண்டி எடுப்பார்கள். மூங்கிலும் வைக்கோலும் பரப்பிய தொட்டியில் மண்ணைக் கொட்டி, தண்ணீரை மெல்ல ஊற்றினால் அடியில் உப்புக் கரைசல் சொட்டும். அதைக் காய்ச்சி ஆறவைத்தால் ஊசி ஊசியாக வெடியுப்பு படியும். டச்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் இதற்காகப் பாட்னாவில் போட்டி போட்டார்கள். நம் கரையில், பழவேற்காட்டின் கெல்ட்ரியா கோட்டையில், டச்சுக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் வெடிமருந்து ஆலையே நடத்தியது. கனமான சரக்கு என்பதால் கப்பலின் அடிப்பாரமாகவும் வெடியுப்பு பயன்பட்டது. மேலே துணியும் மிளகும், கீழே வெடியுப்பு. ஆங்கிலக் கம்பெனி ஆண்டுக்கு 500 டன் வெடியுப்பை அரசுக்குக் கொடுக்க வேண்டும் என்பது 1693 சாசனத்தின் நிபந்தனைகளில் ஒன்று. பிளாசிப் போருக்கு அடுத்த வருடம், 1758இல், பீகார் வெடியுப்பின் ஏகபோகமே கம்பெனி கைக்கு வந்தது. சரக்கு கிடைக்காமல் தவித்த பிரான்ஸ், 1775இல் வெடிமருந்துத் துறையைச் சீர்திருத்த லவாய்சியரை அமர்த்தியது. வேதியியலின் தந்தை என்று பாடப்புத்தகம் சொல்லும் அதே லவாய்சியர்தான்.

அந்தக் கப்பல்களில் சரக்கு பத்திரமாக இருந்தது, மாலுமிகள்தான் செத்தார்கள். பீரங்கிக்கு இரையானவர்களைவிட ஸ்கர்விக்கு இரையானவர்கள் அதிகம். ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிய பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும். கிழக்கிந்தியக் கம்பெனி 1601இல் அனுப்பிய முதல் பயணத்திலேயே இதற்கு மருந்து கிடைத்துவிட்டது. தளபதி ஜேம்ஸ் லங்காஸ்டர் தன் ‘ரெட் டிராகன்’ கப்பலில் எலுமிச்சைச் சாறு கொண்டுபோய், ஒவ்வொரு மாலுமிக்கும் காலையில் மூன்று கரண்டி கொடுத்தார். அவர் கப்பல் தெம்பாக இருந்தது. உடன் வந்த மூன்று கப்பல்களில் பாய் இழுக்க ஆள் இல்லாமல் வியாபாரிகளே கயிறு பிடித்தார்கள். இத்தனை தெளிவாகக் கண்ட ஒன்றைக் கப்பல் உலகம் பிறகு மறந்துபோனதுதான் கொடுமை. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளி மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்துச் சோதித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்களே தேறினார்கள் என்று காட்டினார். ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லோருக்கும் வழங்கத் தொடங்கியது 1795இல். லிண்டின் சோதனைக்கு 48 வருடம் கழித்து!

எலுமிச்சையில் இருந்த மருந்து எது என்று கண்டறிந்த கதையிலும் தற்செயல்களுக்குக் குறைவில்லை. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் பெரிபெரி நோயை ஆராய கினிப்பன்றிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்தார்கள். பெரிபெரிக்குப் பதில் ஸ்கர்வி வந்தது. பெரும்பாலான விலங்குகள் வைட்டமின் சியைத் தாமே தயாரித்துக்கொள்ளும். மனிதனைப் போலவே அது முடியாத சில பிராணிகளில் ஒன்று அவர்கள் கூண்டில் இருந்தது அதிர்ஷ்டம். 1928இல் ஹங்கேரியரான ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி, மாட்டின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் வைட்டமின் சி என்று தெரிந்த பிறகும், ஆராய்ச்சிக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை. ஒரு நாள் இரவு மனைவி தட்டில் பாப்ரிகா மிளகாயை வைத்தார். சென்ட்-ஜார்ஜிக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் துணிவில்லாமல், சோதித்துப் பார்க்கிறேன் என்று ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார். நள்ளிரவுக்குள் தெரிந்துவிட்டது, அது வைட்டமின் சியின் களஞ்சியம் என்று. அந்த மிளகாயும் ஒரு வழிப்போக்கன்தான். அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகக் கோவாவுக்கும், துருக்கியர் வழியாக ஹங்கேரிக்கும் போய்ச் சேர்ந்த ஒரே குடும்பம். சென்ட்-ஜார்ஜிக்கு 1937இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் ரைக்ஸ்டைன் வைட்டமின் சியை ஆய்வகத்தில் தயாரித்துவிட, ஸ்விட்சர்லாந்து நிறுவனமான ரோஷ் 1934இல் அதைக் கடைக்கே கொண்டுவந்திருந்தது.

வெடியுப்பு இதற்கிடையே இறைச்சிக் கடைக்குள் குடியேறியிருந்தது. பாறையுப்பில் கலப்படமாக வந்த வெடியுப்பு, பன்றித் தொடையைக் கெடாமல் வைத்ததோடு அழகான ரோஜா நிறத்தையும் தந்தது. ஐரோப்பியக் கசாப்புக்காரர்கள் பல தலைமுறையாக ஒரு சிட்டிகை போட்டு வந்தார்கள். 1891இல் எட்வர்ட் போலென்ஸ்கே என்ற ஜெர்மானியர், ஊறவைத்த இறைச்சியில் வெடியுப்பு, ஓர் ஆக்சிஜன் அணு குறைந்த நைட்ரைட்டாக மாறியிருப்பதைக் கண்டார். நிறம் கொடுப்பது நைட்ரிக் ஆக்சைடு என்று 1901இல் காட்டியவர் ஜே.எஸ். ஹால்டேன், சுரங்கத்துக்குள் கேனரிப் பறவையை எடுத்துப்போகச் சொன்ன அதே ஆள். முதல் உலகப்போரில் ஜெர்மனியின் வெடியுப்பெல்லாம் பீரங்கிக்குப் போனதால், அங்கே கறிக்காரர்கள் நேரடியாக நைட்ரைட்டையே போடத் தொடங்கினார்கள். வேகமாக வேலை செய்தது, அளவு தவறியபோது ஆளையும் கொன்றது. அதனால் 1934 ஜெர்மன் சட்டம், நைட்ரைட்டைச் சமையல் உப்போடு முன்பே கலந்துதான் விற்க வேண்டும் என்றது.

நைட்ரைட் ரத்தத்தில் அதிகமானால் ஹீமோகுளோபினின் இரும்பை மாற்றிவிடும். பிறகு அது ஆக்சிஜனைச் சுமக்காது, உடம்பு நீலம் பாரிக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், கைக்குழந்தைகள் நீலமாவதற்குக் கிணற்று நீரில் கலந்திருந்த நைட்ரேட்டே காரணம் என்று எழுதினார். இன்று இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. கிட்டத்தட்ட அதே காலத்தில் வட அயர்லாந்தில் ஜேம்ஸ் டீனி என்ற மருத்துவரிடம் பிறவியிலேயே நீல நிறமான இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நைட்ரேட்டால் வந்ததல்ல, பரம்பரைக் குறை. ஆனால் ரத்தத்தில் நடந்தது அதே மாற்றம்தான். டீனி ஒருவருக்கு வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார். நாளாக நாளாக நீலம் வெளுத்து முகம் சிவந்தது. இன்னொருவருக்கும் கொடுத்தார், அவரும் நிறம் மாறினார். நைட்ரைட் கெடுப்பதை வைட்டமின் சி சரிசெய்யும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான காட்சி வேறு கிடையாது. ஆனாலும் இந்த இரண்டு கதைகளையும் இணைத்துப் பார்க்க இன்னும் முப்பது வருடம் ஆனது.

இணைத்தது மறுபடியும் ஒரு நார்வே விபத்து. அங்கே நைட்ரைட் போட்டுப் பதப்படுத்திய ஹெர்ரிங் மீன்தூளைத் தின்ற ஆடுமாடுகளும் மின்க் என்னும் ரோமப் பிராணிகளும் கல்லீரல் கெட்டு மடிந்தன. 1960களின் தொடக்கத்தில் காரணம் தெரிந்தது. மீனில் இயல்பாக இருக்கும் அமீன்களோடு நைட்ரைட் சேர்ந்து நைட்ரோசமீன் உருவாகியிருந்தது. எலிகளுக்கு நைட்ரோசமீன் கல்லீரல் புற்று உண்டாக்கும் என்று 1956இலேயே மகீயும் பார்ன்ஸும் காட்டியிருந்தார்கள். மனித வயிற்றிலும் அமிலம் இருக்கிறது, அமீன் இருக்கிறது, எச்சில் வழியாக நைட்ரைட்டும் வருகிறது. அப்படியானால் தினமும் நமக்குள்ளேயே இது நடக்குமே என்ற பயம் பரவியது.

1972இல் அமெரிக்காவின் ஒமாகாவில் சிட்னி மிர்விஷும் உடன் பணிபுரிந்தவர்களும் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வைட்டமின் சி உடன் இருந்தால் நைட்ரைட் அமீனைப் போய்ச் சேர்வதில்லை என்றது அது. பஸ் ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர் போல, வைட்டமின் சி முந்திக்கொண்டு நைட்ரைட்டைப் பிடித்து நைட்ரிக் ஆக்சைடாக மாற்றிவிடுகிறது. 1978இல் அமெரிக்க விவசாயத் துறை, பன்றிக்கறியான பேக்கனில் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் 120 பங்கு) நைட்ரைட்டோடு 550 பிபிஎம் வைட்டமின் சி உப்பையும் சேர்க்கச் சொன்னது. கறிக் கம்பெனிகளுக்கு இது ஒன்றும் புதிதல்ல. நிறம் சீக்கிரம் ஏறட்டும் என்று 1950களிலிருந்தே பலர் அதைப் போட்டு வந்தார்கள். லாபத்துக்காகத் தொடங்கியது பாதுகாப்பாகவும் அமைந்துவிட்டது.

அதுவரை நைட்ரிக் ஆக்சைடு என்றால் வெறும் கழிவுப் புகை என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். எம்.ஐ.டி.யில் ஸ்டீவன் டானென்பாம் குழு, தன்னார்வலர்கள் சாப்பிட்ட நைட்ரேட்டைவிட அவர்கள் சிறுநீரில் வெளியேறியது அதிகம் என்று கண்டு குழம்பியது. நடுவே ஒருவருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வர, அவர் சிறுநீரில் நைட்ரேட் எகிறியது. கிருமியோடு போராடும் செல்கள் தாமே நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கின்றன, மிச்சம்தான் நைட்ரேட்டாக வெளியேறுகிறது என்று அந்தத் தடத்தில் தெரிந்தது. வேறொரு தடத்தில், ரத்தக்குழாயைத் தளர்த்தி விரிக்கும் செய்தியாளனே நைட்ரிக் ஆக்சைடுதான் என்று கண்ட ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசை நிறுவிய ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்கு நைட்ரோகிளிசரினைப் பயன்படுத்திப் பணக்காரரானவர். கடைசிக் காலத்தில் அவருடைய நெஞ்சுவலிக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுத்ததும் நைட்ரோகிளிசரின்தான்.

எச்சிலின் புதிர் அவிழ்ந்தது 1994இல். ஸ்டாக்ஹோமில் யோன் லுண்ட்பெர்க் குழு மனிதர்களின் ஏப்பத்தைச் சேகரித்து அளந்தது! சாதாரணமாக விடும் மூச்சில் இருப்பதைவிடப் பல மடங்கு நைட்ரிக் ஆக்சைடு அதில் இருந்தது. லெட்யூஸ் இலை தின்ற பிறகு அளவு கூடியது, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போட்டதும் இறங்கியது. பிரிட்டனில் நைஜல் பெஞ்சமின் குழுவும் அதே வருடம் அதே முடிவுக்கு வந்தது. நடப்பது இதுதான். கீரையின் நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கும். அதில் சுமார் கால்வாசியை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து மறுபடி வாய்க்கே அனுப்பும். நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பங்கை நைட்ரைட்டாக்கும். அதை விழுங்குகிறோம். வயிற்றுச் சுவரோ ரத்தத்தில் இருப்பதைவிட அதிகச் செறிவில் வைட்டமின் சியைச் சுரந்து காத்திருக்கிறது. அமிலமும் வைட்டமின் சியும் சேர்ந்து நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடாக்க, அது கிருமியைக் கொல்கிறது, வயிற்றுச் சவ்வின் ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. தப்பிய நைட்ரைட் ரத்தத்துக்குப் போய், ஆக்சிஜன் குறைந்த இடங்களில் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி பிடித்த வயிற்றில் இந்த வைட்டமின் சி சுரப்பு குறைந்துபோகும். வயிற்றுப் புற்றோடு அந்தக் கிருமிக்கு உள்ள உறவில் இதற்கும் பங்கு இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

2008இல் லண்டனில் அம்ரிதா அலுவாலியா குழு ஆரோக்கியமானவர்களுக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்தது. மூன்று மணி நேரத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் சுமார் 10 புள்ளி இறங்கியது. எச்சிலை விழுங்காமல் துப்பச் சொன்னபோது இறங்கவே இல்லை. துன்ஹுவாங் வைத்தியருக்குக் காரணம் தெரியாது, செய்முறை சரி. கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டு வாயைக் கொப்பளித்தாலும் நாக்குப் பாக்டீரியா செத்து, பலன் போய்விடும். அடுத்த வருடம் எக்ஸெட்டரில் ஆண்ட்ரூ ஜோன்ஸ் குழு, பீட்ரூட் குடித்தவர்கள் அதே உடற்பயிற்சியைக் குறைந்த ஆக்சிஜனில் செய்வதைக் கண்டது. சின்னச் சின்ன பாட்டிலில் பீட்ரூட் சாறு ஓட்டக்காரர்களின் பைக்குள் ஏறியது அப்படித்தான்.

கதை இங்கே நேராக முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2007இல் கிளாஸ்கோவில் செயற்கை வயிறு அமைத்து நடத்திய ஆய்வு ஒரு சிக்கலைக் காட்டியது. வெறும் நீர்க்கரைசலில் வைட்டமின் சி நைட்ரோசமீனைத் தடுத்தது. அதில் 10 சதவீதம் கொழுப்பைச் சேர்த்ததும் அதே வைட்டமின் சி நைட்ரோசமீனைப் பல மடங்கு கூட்டியது. உண்டான நைட்ரிக் ஆக்சைடு கொழுப்புக்குள் நழுவி, அங்குள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அமீனைத் தாக்கும் பொருளாக மாறியதே காரணம். மனித வயிற்றில் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் கொழுப்பும் அமீனும் நைட்ரைட்டும் ஒன்றாக வரும் பதப்படுத்திய கறியை, ஒரு வைட்டமின் சி மாத்திரை போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதப்படுத்திய இறைச்சியை சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

நைட்ரைட்டும் வைட்டமின் சியும் சேர்ந்த இந்த ஜோடிக்கும் வியாபாரிகள் ஒரு நகல் செய்துவிட்டார்கள். அமெரிக்கக் கடைகளில் ‘நைட்ரைட் சேர்க்கவில்லை’ என்று அச்சிட்டுக் கூடுதல் விலைக்கு விற்கும் பேக்கனில், நைட்ரேட் மிகுந்த செலரிப் பொடியை நுண்ணுயிரால் நைட்ரைட்டாக்கிச் சேர்க்கிறார்கள். கூடவே வைட்டமின் சிக்காக அசெரோலா செர்ரிப் பொடி. கறிக்குள் போவது பழைய ஜோடியேதான், பெயர் மட்டும் தோட்டத்திலிருந்து வந்தது. இதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

கீரை சாப்பிடுகிறவர் பயப்பட வேண்டியதில்லை. இலையில் நைட்ரேட்டோடு வைட்டமின் சியும் பிற தாவரப் பொருட்களும் சேர்ந்தே வருகின்றன. கொதிக்கும்போது வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும் என்பதால், அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்த பிறகு எலுமிச்சை பிழிவது பலன் தரும். கூடவே ஒரு துண்டு நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் இன்னும் நல்லது. சமைத்த கீரையை வெளியே வைத்து மறுநாள் சூடாக்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கும் காரணம் உண்டு. நேரம் ஆக ஆகப் பாக்டீரியாக்கள் அதன் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் கீரைச் சாறோ பீட்ரூட் சாறோ கொடுக்கவே கூடாது. சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் பீட்ரூட் சாற்றையும் பெரிய அளவு வைட்டமின் சி மாத்திரையையும் சேர்த்து எடுக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பீட்ரூட்டில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட் உண்டு, வைட்டமின் சியும் உடம்பில் ஓரளவு ஆக்சலேட்டாகவே முடிகிறது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தினமும் பீட்ரூட் குடிக்கத் தொடங்கினால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.